அழுகைக்கு ஐந்தில் ஒன்று

1

என் மகள் யாழினி மார்க் போடுகிறவள். பரீட்சைத் தாளுக்கு இல்லை, டிவியில் வரும் ஆட்களுக்கு. நாங்கள் இருக்கும் ஜப்பானில் பருவத்துக்குப் பருவம் புதுப்புது அனிமேத் தொடர்கள் வந்து இறங்கும். கார்ட்டூன் என்று சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் நானும் அனிமே என்றே எழுதுகிறேன். அவள் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் இதற்கென்றே ஒரு மன்றம் இருக்கிறது. பாத்திரங்களுக்கு ஐந்து, நிஜத்தன்மைக்கு ஐந்து என்று பிள்ளைகள் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவார்கள். அதில் என் மகள் கறாரான வாத்தியார். ஒருவன் மழையில் நனைந்துவிட்டு அடுத்த காட்சியில் காய்ந்த தலையோடு வந்தால் ஒரு மார்க் போச்சு.

எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை குறைந்து நாளாகிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. "சாப்டியா", "ம்". "மழைக்குக் குடை எடுத்தியா", "ம்". நான் டப்பாச் சோறு கட்டும் ஆலையில் வேலை முடிந்து வரும்போது அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் தமிழில் பேச ஆரம்பித்து, பாதி வாக்கியத்தில் வார்த்தை கிடைக்காமல் ஜப்பானிய மொழிக்குத் தாவுவாள். என்னுடைய ஜப்பானிய மொழி காய்கறிக் கடைக்கும் ஆலைக்கும் காணும், மகளின் மனசுக்குக் காணாது.

அப்படி இருந்தவள் இந்தப் புரட்டாசியில் ஒரு நாள் தானாக வந்து, "அம்மா, ஒரு புது அனிமேல இந்தியா ஆன்ட்டி ஒருத்தங்க வர்றாங்க. சரியா காட்டுறாங்களான்னு நீ பாத்துச் சொல்றியா?" என்று கேட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "இங்கிட்டு வந்து உக்காரு, பாப்போம்" என்றேன்.

2

தொடரின் கதை சின்னது. ஜப்பானில் ஒரு கடலோர ஊர். அங்கே கடை வைத்திருக்கும் ஓர் இந்தியக் குடும்பம். அம்மா, அப்பா, ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். அந்த அம்மாதான் என் மகள் எனக்குக் கொடுத்த கேஸ்.

முதல் வாரம் நான் குறை சொல்லியே மாய்ந்துபோனேன். அந்த அம்மா காலையில் எழுந்ததும் பட்டுச்சேலை கட்டுகிறாள். தூங்கும்போதும் பட்டுச்சேலை. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சப்பாத்தி தேய்க்கிறாள், அரிசி என்ற ஒன்று அந்த வீட்டில் இல்லவே இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டே சாமி படத்துக்கு முன்னால் நிற்கிறாள். புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், சரி, அது இப்போது ஊரிலேயே நடக்கிறது என்று விட்டுவிட்டேன்.

"சேலைக்கு ஒரு மார்க் கொறைச்சிரு."

"கொறைச்சாச்சு."

"செருப்புக்கு ரெண்டு."

"அவ்ளோவா? சரி."

சோபாவில் அவள் தோள் என் தோளில் பட்டது. இப்படி உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ணிப் பார்க்கவில்லை. வாரத்தில் ஒரு சாயங்காலம், அரை மணி நேரம். என் மகளுக்கு என்னிடம் கேட்க ஏதோ இருந்தது, எனக்குச் சொல்ல ஏதோ இருந்தது. அந்த அரை மணி நேரத்துக்காக ஆலையில் மாலை ஷிப்டு வேண்டாம் என்று மேற்பார்வையாளரிடம் குனிந்து குனிந்து கேட்டு வாங்கினேன். ஒரு பொம்மைப் படத்துக்காகவா என்று வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும், அவருக்கென்ன தெரியும்.

3

ஐந்தாவது வாரம் அது நடந்தது. அந்த அம்மா அடுப்படியில் நிற்கிறாள். போன் வருகிறது. ஊரில் அவளுடைய அப்பா இறந்துவிட்டார். போன் கையிலிருந்து நழுவுகிறது. அவள் அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து விட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறி அழுகிறாள். மேல் வீட்டுக்காரன் தரையைத் தட்டுகிறான். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிறது.

நான் குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், மறுபடி ஆரம்பித்தாள். அதுகூடச் சரியாக இருந்தது. அதன் பிறகு அவள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, வெறும் காற்றில் எதையோ தேடினாள்.

யாழினி சிரித்துவிட்டாள். "இது என்னம்மா, நீச்சல் அடிக்கிறாங்களா?"

ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேத வீட்டில் பெண்கள் தனித்தனியாக அழுவதில்லை. வட்டமாக உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒருத்தி தோளில் ஒரு கை, அந்தப் பக்கம் ஒருத்தி தோளில் ஒரு கை, கட்டிக்கொண்டு ஆடி ஆடி அழுவார்கள். வந்து நுழைகிற பெண் யாராக இருந்தாலும், அதுவரை ஜென்மப் பகையாக இருந்தாலும், அவளுக்கும் தோள் கொடுக்க வேண்டும். அந்தக் கை தேடியது தோளை. வரைந்த ஆள் எங்கேயோ, யாரிடமோ அதைப் பார்த்திருக்கிறான். பட்டுச்சேலையில் தப்பு விட்டவன் இதில் தப்பு விடவில்லை.

கடைசியில் அந்த வீட்டுச் சின்னப் பெண் உள்ளறையிலிருந்து வந்து அம்மாவின் கைக்குக் கீழே உட்கார்ந்துகொள்கிறாள். கை அவள் தோளில் விழுகிறது. அத்தோடு அந்த வாரம் முடிந்தது.

"ஓவர் ஆக்டிங். நிஜத்தன்மைக்கு அஞ்சுக்கு ஒண்ணு" என்றாள் யாழினி.

"ஏன்டி?"

"யாரும்மா இப்படி அழுவாங்க? நம்மளக் கேலி பண்றாங்க. தாத்தா செத்தப்ப நீ அழவே இல்லையே. நான் வீட்லதானே இருந்தேன். நீ அடுத்த நாள் வேலைக்குப் போனே."

நான் வாயைத் திறந்தேன். "தோசை ஊத்தவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன்.

4

அப்பா எங்கள் ஊர் அரிமளத்தில் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கேதம், எல்லாவற்றுக்கும் அவருடைய கூம்பு ஸ்பீக்கர்தான். கேத வீட்டில் அழுகிற பெண்களுக்கு நடுவே மைக்கை நிறுத்திவிட்டு ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் தீர்ப்பு சொல்வார். "மூத்த மருமக மைக்கப் பாத்து அழுகுறா. சின்னவதான் மைக்க மறந்துட்டு அழுகுறா." அம்மா, "செத்த வீட்டுலயும் ஒங்களுக்கு இந்த ஆராய்ச்சியா?" என்று திட்டுவாள். மார்க் போடும் புத்தி என் மகளுக்கு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் போனது ஒரு ஐப்பசி மழையில். வருகிற சனிக்கிழமையோடு ஆறு வருஷம். அப்போது யாழினிக்குப் பத்து வயது. அன்று இங்கே சனிக்கிழமை மதியம். அவள் கூடத்தில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்போது அதற்கு அந்தப் பெயர்தான். தம்பி போனில், "அக்கா, விடியக்காலைல அப்பா போயிட்டாருக்கா" என்றான். அடுத்த வார்த்தையாக, "நீ வந்து சேர முடியாதுக்கா, மழ வேற, நாளைக்கு எடுத்துர்றோம்" என்றான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் விசா புதுப்பிப்பு. திங்கட்கிழமைக்குள் நேரில் வந்து புதிய குடியிருப்புக் கார்டை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து தபால் அட்டை வந்திருந்தது. கெடு தாண்டினால் என்ன ஆகும் என்று அட்டையில் எழுதியிருந்ததை வீட்டுக்காரர் இரண்டு முறை படித்தார், எனக்கும் ஒரு முறை படித்துக் காட்டினார்.

எனக்கு வாய் திறந்து "அப்பா" என்று ஒரே ஒரு சத்தம்தான் வந்திருக்கும். வீட்டுக்காரர் ஓடி வந்து தோளைப் பிடித்தார்.

"சத்தம் போடாதம்மா. கீழ் வீட்டு ஆளு நான் ஒன்னைய அடிக்கிறேன்னு நெனச்சு போலீசக் கூப்பிட்டுருவாரு. கார்டு வாங்குற நேரத்துல போலீசு வந்தா எல்லாம் போச்சு."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேருமே பயந்தவர்கள்தான். நடக்கும்போது குதிகால் தரையில் படக் கூடாது. கதவைச் சாத்தும்போது கைப்பிடியைத் திருகிப் பிடித்துக்கொண்டே சாத்த வேண்டும். நாலு வயதிலேயே யாழினிக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று.

அவர் கூடத்துக்குப் போய், "பாப்பா, டிவிய நல்லா சத்தமா வச்சுக்க" என்றார். டிவி சத்தத்தை இந்த ஊரில் மன்னிப்பார்கள். அழுகைச் சத்தத்தைத்தான் விசாரிப்பார்கள். பிள்ளைக்கு நம்ப முடியவில்லை. ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனாள். என்னிடம் ஹெட்போனைக் கொடுத்து, "பாத்ரூமுக்குப் போயிரு, தண்ணியத் தொறந்து விட்டுக்க" என்றார்.

தம்பி வீடியோவில் கூப்பிட்டான். ஐஸ் பெட்டி தெரிந்தது. பந்தலில் அப்பாவின் ஸ்பீக்கர்களையே கட்டியிருந்தார்கள், மழைக்கு மேலே பிளாஸ்டிக் உறை போட்டு. சின்னம்மா மைக் முன்னால் உட்கார்ந்து என் பேரைச் சொல்லி அழுதாள். "கடல் தாண்டிப் போன மக கட்டி அழ வரலையே" என்று அவள் இழுத்தது என் காதுக்குள் விட்டு விட்டுக் கேட்டது. என் அப்பா வாழ்நாள் முழுக்க ஊருக்கே அழுகையைப் பெரிதாக்கிக் கொடுத்தவர். நான் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதேன். வட்டத்தில் உட்கார்ந்து பழகிய கை, தானாக இரண்டு பக்கமும் போனது. ஒரு கைக்கு வாஷிங் மெஷின் கிடைத்தது. இன்னொரு கைக்குத் தண்ணீர்க் குழாய்.

முகம் கழுவிவிட்டு வெளியே வந்தபோது யாழினி சிரித்த முகமாக ஓடி வந்தாள். "அம்மா, இன்னைக்கு அப்பா எவ்ளோ சத்தம் வச்சாலும் திட்டல!" அவள் ஞாபகத்தில் அந்த நாள் ஒரு நல்ல நாள். அதை எப்படி அவளிடமிருந்து பிடுங்குவது?

5

அடுத்த நாள் வேலைக்குப் போனேன் என்றாளே, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் வேறோர் ஆலையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் ஆலை. பெற்றோர் இறந்தால் லீவு உண்டு. ஆனால் இறந்ததற்கு அத்தாட்சி வேண்டும். அத்தாட்சி வரும்வரை வேலைக்கு வர வேண்டும். யாரும் கடுமையாகப் பேசவில்லை. வருத்தம் தெரிவித்துக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் கேட்டார்கள். ஊரில் அப்பாவை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் நகரும் பட்டையில் வந்த சோற்று டப்பாக்களில் ஊறுகாய்த் துண்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பியிடம் ஏதாவது அனுப்புடா என்றேன். அவன் கடைத்தெருவில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படம் எடுத்து அனுப்பினான். அதில் அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்னால் அடுக்கிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறார். மேற்பார்வையாளர் அம்மாள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, மரியாதையாக, "இது எந்தக் கச்சேரி?" என்று கேட்டார்.

எனக்கு இருந்த ஜப்பானிய மொழியில் விளக்கினேன். இறந்துவிட்டார், இவர்தான், ஊரில் இப்படித்தான் ஒட்டுவார்கள். சிரிக்கிறாரே என்றார். ஆமாம், சிரிக்கிறார் என்றேன். முறையான சான்றிதழ் வந்து, அதை மொழிபெயர்த்துக் கொடுத்து, லீவு கிடைத்தபோது ஊரில் கருமாதியே முடிந்திருந்தது. அந்த லீவில் நான் அலமாரியைத் துடைத்தேன்.

6

போன ஞாயிறு யாழினியின் பள்ளியில் கலைவிழா. பெற்றோர் எல்லோரும் வரலாம். அனிமே மன்றத்துப் பிள்ளைகள் ஒரு வகுப்பறையில் திரை கட்டி, இந்தப் பருவத்துத் தொடர்களைப் பற்றி ஒவ்வொருவராகப் பேசினார்கள். என் மகள் பேச வந்தாள். நல்ல ஜப்பானிய மொழி, அலையில்லாத தண்ணீர் மாதிரி. எனக்கு முக்கால்வாசி புரிந்தது.

திரையில் அந்த அடுப்படிக் காட்சி சத்தமில்லாமல் ஓடியது. கைகள் காற்றில் தேடியபோது ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். யாழினி சிரிக்கவில்லை.

"இந்தியர்கள் என்றால் கத்துவார்கள், மார்பில் அடித்துக்கொள்வார்கள் என்று இதை எடுத்தவர்கள் நினைக்கிறார்கள். இது நிஜம் இல்லை. என் அம்மா இந்தியாவிலிருந்து வந்தவர். அவருடைய அப்பா இறந்த செய்தி வந்தபோது அவர் அழவில்லை. மறுநாள் வேலைக்குப் போனார். அவர்தான் நிஜமான பாத்திரம். அங்கே உட்கார்ந்திருக்கிறார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் என்னைப் பெருமைப்படுத்தத்தான் சொன்னாள், அது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவள் சாப்பாட்டு டப்பாவை முகர்ந்து பார்த்து மூக்கைப் பிடித்த பிள்ளைகளுக்கு முன்னால், என் அம்மா உங்களைப் போலத்தான், உங்களைவிட மேல் என்று நிமிர்ந்து நின்று சொன்னாள். வகுப்பாசிரியர் என்னிடம் வந்து இடுப்பு வளைய வணங்கி, "நீங்கள் மிகவும் உறுதியானவர்" என்றார். நானும் வணங்கி நன்றி சொன்னேன். அழாததற்கு வாங்கிய பாராட்டு. அன்று அப்பாவின் மைக் என் எதிரே இருந்திருந்தால் அது ஒரு சத்தத்தையும் வாங்கியிருக்காது.

7

திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏறியதிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் முடியவில்லை.

"அது நீச்சல் இல்லடி."

"எது?"

"அந்தக் கை. தோளத் தேடுது."

சொன்னேன். துண்டு, தண்ணீர், ஹெட்போன், கீழ் வீட்டுக்காரர், விசா கார்டு, எல்லாம். அவள் அப்பா டிவியைச் சத்தமாக வைக்கச் சொன்னது எதற்கு என்பதையும். தணிந்த குரலில்தான் சொன்னேன், ரயிலில் சத்தமாகப் பேசக் கூடாது.

அவள் ஜன்னலில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஒனக்குப் பத்து வயசு."

"பதினொண்ணு ஆச்சு. பன்னெண்டு ஆச்சு. நீ சொல்லவே இல்ல."

இறங்கி நடந்தோம். குடை ஒன்றுதான் இருந்தது, அவள் மழையிலேயே வந்தாள்.

இன்று காலை நான் ஆலைக்குக் கொண்டுபோகச் சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே சொன்னாள்.

"மார்க்க மாத்திட்டேன்மா. நிஜத்தன்மைக்கு நாலு."

ஆறு வருஷம் கழித்து என் அழுகை பாஸாகிவிட்டது. அப்பா இருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பழைய சோபா நினைப்பில், பேச்சை வளர்க்கிற ஆசையில் கேட்டேன்.

"மிச்சம் ஒண்ணு எதுக்குடி கொறச்ச? சேலைக்கா?"

"இல்ல. கடைசில அந்தப் பொண்ணு அழுகைச் சத்தம் கேட்டு ரூம்லேர்ந்து வந்து அம்மா கைக்குக் கீழ உக்காருதுல்ல?"

"ஆமா."

"அது ரியலிஸ்டிக்கா இல்லம்மா."

பையை எடுத்துக்கொண்டாள். கைப்பிடியைத் திருகிப் பிடித்துக்கொண்டு, ஒரு சின்னச் சத்தம்கூட வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.